அந்தப் பூஜ்யம் இருக்கட்டும், பிள்ளை பள்ளியில் இருக்கட்டும்

வாசகர் கடிதம்:

நாமக்கல் மாவட்டத்திலிருந்து எழுதுகிறேன். நான் வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கணவர் நூற்பாலைத் தொழிலாளி. எங்கள் மகள் தனியார் பள்ளியில் பிளஸ் டூ, முதல் குரூப் படிக்கிறாள். அரையாண்டு வேதியியல் தேர்வில், லாகரிதம் அட்டவணைப் புத்தகத்துக்குள் பிட் வைத்து எழுதும்போது பிடிபட்டாள். அந்தத் தாளுக்குப் பூஜ்யம் போட்டார்கள். மறுநாள் காலை இறைவணக்கக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்திப் பெயர் சொல்லி அறிவித்தார்கள். வரும் திங்கட்கிழமை பெற்றோர் வர வேண்டும், மன்னிப்புக் கடிதம் தர வேண்டும், டி.சி. கொடுப்பது பற்றி அன்றைக்கு முடிவு செய்வோம் என்கிறார்கள். கணவர் கோபத்தில் அவளை அடித்துவிட்டார். அவருடைய தம்பி, இதற்குப் புதுச் சட்டப்படி சிறைத் தண்டனை உண்டு என்கிறார். தெரிந்தவர் ஒருவர் தாளாளரிடம் பேசிப் பூஜ்யத்தை எடுத்துவிடலாம் என்கிறார். மகளோ, "எல்லாரும்தான் வச்சிருந்தாங்க, நான் மாட்டிக்கிட்டேன். பொதுத்தேர்வுல சார்களே ஒரு மார்க் சொல்லித் தருவாங்க" என்று ஒரு முறை சொன்னாள். அதன் பிறகு சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. நான் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். பூஜ்யம், டி.சி., சட்டம், கணவரின் கோபம் என்று வரிசையாக எழுதிவிட்டு, மகள் சாப்பிடாமலும் பேசாமலும் இருப்பதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிடிபட்ட பிள்ளைக்குத் தேர்வறையில் வரும் பயம் அன்றோடு தீர்ந்துவிடும். பள்ளி முழுவதும் பார்க்கப் பெயர் சொல்லி நிறுத்தப்பட்ட அவமானம் அப்படித் தீராது. இந்தச் சில நாட்கள் அவளைத் தனியாக விடாதீர்கள். இரவில் அவள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்பதே பல பிள்ளைகளுக்குப் பாரத்தை இறக்கிவிடும். அவள் ஆம் என்றாலும், பதில் சொல்லாமல் அழுதாலும், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணையோ 104 என்ற மருத்துவ உதவி எண்ணையோ தாமதிக்காமல் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. பூஜ்யமும் டி.சி.யும் இதற்குப் பிறகுதான்.

இனிப் பூஜ்யத்துக்கு வருகிறேன். அதை எடுக்கச் சொல்லித் தாளாளரிடம் யாரையும் அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. உங்கள் மகள் அந்தத் தாளில் எழுதியவற்றுள் எது அவள் படித்து எழுதியது, எது பிட்டைப் பார்த்து எழுதியது என்று திருத்துகிற ஆசிரியரால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்தத் தாளுக்கு வேறு எந்த மதிப்பெண்ணைப் போட்டாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். இவ்வளவு சரியாக அளந்து தரப்பட்ட ஒரு தண்டனையைச் செல்வாக்கைக் கொண்டு அழித்தால், தேர்வறையில் அவள் செய்யப் பார்த்ததையே பெற்றோர் அலுவலக அறையில் செய்து முடித்தது போலாகும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும். தான் செய்த தவறை அவள் மறந்துவிட்டு, யாரைப் பிடித்தால் எது நடக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வாள்.

அந்தப் பூஜ்யத்தால் அவளுடைய மேற்படிப்பு கெட்டுவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். அரையாண்டு மதிப்பெண் பொதுத்தேர்வுச் சான்றிதழில் அச்சாவதில்லை. வேதியியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மொத்தம் 100 மதிப்பெண். இந்த 10 மதிப்பெண் வருகை, வகுப்புத் தேர்வுகள், ஒப்படைப்பு, பாட இணைச் செயல்பாடுகள் ஆகியவற்றைப் பார்த்துத் தரப்படுவது. இந்த நிகழ்ச்சி அதை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதை மட்டும் திங்கட்கிழமை வகுப்பாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றபடி செய்முறைத் தேர்வும் எழுத்துத் தேர்வும் முழுதாக அவள் முன்னால் இருக்கின்றன. அரையாண்டில் பிடிபட்டது அவளுக்கு நல்லதாகவே போயிற்று என்பேன். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், அவளும் இதைப் படிக்க வேண்டும்.

நான் பல ஆண்டுகள் பொதுத்தேர்வு மையங்களில் முதன்மைக் கண்காணிப்பாளராக இருந்தவன். அங்கே ஒரு மாணவர் பிட்டுடன் பிடிபட்டால், அறைக் கண்காணிப்பாளரோ பறக்கும் படையினரோ விடைத்தாளையும் பிட்டையும் கைப்பற்றுவார்கள். மாணவரிடம் எழுத்துமூலம் விளக்கம் வாங்குவார்கள். அறிக்கை அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். அது போன பிறகு நான் நினைத்தாலும் திரும்பப் பெற முடியாது. பெற்றோர் வந்து காலில் விழுந்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்ததற்கு மேல் என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. தேர்வு ரத்தாவதோடு, அடுத்து வரும் தேர்வுகளை எழுதவும் தடை வரலாம். இதில் பிள்ளைகள் கணக்குப் போட மறந்துவிடுகிற ஒன்று உண்டு. படிக்காமல் போய்த் தோற்றுவிட்ட மாணவர் ஜூன், ஜூலை வாக்கில் துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்துவிட முடியும். அவருக்குப் போவது சில வாரங்கள். பிட் வைத்துப் பிடிபட்டுத் தடை வாங்கியவருக்கு அந்தத் துணைத் தேர்வின் கதவும் மூடப்பட்டுவிடும். அவருக்குப் போவது ஆண்டுக் கணக்கில். தோல்வியிலிருந்து தப்பிக்கத் தோல்வியைவிடப் பெரிய இழப்பைப் பணயம் வைக்கிறோம் என்பது 17 வயதில் தெரிவதில்லை. நாம் சொல்லித் தருவதும் இல்லை.

உங்கள் கொழுந்தனார் சொல்லும் சட்டம் பொதுத் தேர்வுகள் (முறையற்ற வழிகள் தடுப்பு) சட்டம், 2024. அது அந்த ஆண்டு ஜூன் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருப்பது உண்மைதான். ஆனால் அது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம், ரயில்வே, வங்கிப் பணியாளர் தேர்வு, நீட் நடத்தும் தேசியத் தேர்வு முகமை போன்றவற்றின் தேர்வுகளுக்கானது. வினாத்தாளைக் கசியவிடுகிறவர்களையும் அதற்குத் துணைபோகும் கும்பல்களையும் குறிவைத்து இயற்றப்பட்டது. பள்ளி அரையாண்டுத் தேர்வில் பிட் வைத்த மாணவிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அவரிடம் இதைச் சொல்லி, இனி இந்தப் பேச்சை வீட்டில் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒடுங்கிப் போயிருக்கும் பிள்ளையின் காதில் சிறை என்ற சொல் இன்னொரு முறை விழக் கூடாது.

டி.சி. விஷயத்தில் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். பூஜ்யத்தை ஏற்றுக்கொள்ளச் சொன்ன அதே காரணத்தால்தான் டி.சி.யை எதிர்க்கச் சொல்கிறேன்: தண்டனை தவற்றின் அளவுக்கு இருக்க வேண்டும். பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் வேலைகள் நடக்கும் காலத்தில் ஒரு பிளஸ் டூ மாணவியை வெளியே அனுப்பினால், அவள் வேறு பள்ளியில் சேர்ந்து இந்த ஆண்டே தேர்வு எழுதுவது மிகவும் சிக்கலாகிவிடும். ஒரு தாளில் செய்த தவற்றுக்கு ஓர் ஆண்டுப் படிப்பை எடுத்துக்கொள்வது நியாயம் இல்லை. திங்கட்கிழமை இதைக் கெஞ்சாமல், குரல் உயர்த்தாமல் சொல்லுங்கள். "பூஜ்யத்தை ஏற்றுக்கொள்கிறோம். வேறு தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம். டி.சி. மட்டும் வாங்கிக்கொள்ள மாட்டோம்" என்பது போதும். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டாலோ, பெற்றோர் விருப்பத்தின் பேரில் விலகுவதாக எழுதித் தரச் சொன்னாலோ எழுதித் தராதீர்கள். அதையும் மீறி வற்புறுத்தினால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் சொல்லலாம். பெரும்பாலான பள்ளிகள் டி.சி. என்ற சொல்லைப் பயமுறுத்துவதற்காகவே எடுக்கின்றன. பெற்றோர் தவற்றை ஒப்புக்கொண்டு அமைதியாக நின்றாலே பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

இறைவணக்கக் கூட்டத்தில் நிறுத்தியதைப் பற்றி நான் பேசாமல் இருக்க முடியாது. அது தவறு, ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளைகளுக்கு உடல் தண்டனையும் மன உளைச்சலும் தரக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது என்பதால், 17 வயதுப் பெண்ணை ஊர் பார்க்க நிறுத்துவது நியாயமாகிவிடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிட் வைத்திருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனை, அந்தக் காகிதத்தை அவன் சட்டையிலேயே குத்தி வகுப்பு வகுப்பாக அழைத்துப் போனேன். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும் என்று நம்பினேன். மறுநாள் அவன் வரவில்லை. சில வாரம் கழித்துப் பேருந்து நிலையத்து டீக்கடையில் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். நான் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் அவன் திரும்பவில்லை. பிட் வைத்ததற்கு அவன் கொடுத்த விலை ஒரு தேர்வுத்தாள் அல்ல, படிப்பு முழுவதும். அந்த விலையைத் தீர்மானித்தவன் நான். உங்கள் பள்ளியில் அந்த முடிவை எடுத்தவரிடம் இதைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை நீங்களே மரியாதையாகக் கேளுங்கள்: "தண்டனை அவளுக்குத் தெரிந்தால் போதாதா, பள்ளிக்கே தெரிய வேண்டுமா?"

உங்கள் கணவர் அடித்ததும் அதே வகைத் தவறுதான். அவரை நான் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் உழைத்துக் கட்டணம் கட்டுகிற தகப்பனுக்கு அந்தச் செய்தி எப்படி வந்து விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அடி வாங்கிய பிள்ளை, தான் ஏன் அப்படிச் செய்தோம் என்று யோசிப்பதை நிறுத்திவிட்டு, அப்பா அடித்ததைப் பற்றியே யோசிக்கத் தொடங்கிவிடும். "அடிச்சிருக்கக் கூடாதும்மா" என்று அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் "நீ செஞ்சதும் தப்பு" என்ற பேச்சு அவள் காதில் ஏறும்.

இனி அவள் சொன்னதற்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் வலித்த இடம் அதுதான். எல்லோரும் வைத்திருந்தார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் கட்டுவதற்காக, ஒரு மதிப்பெண் விடைகள் அறைக்குள் மெல்லக் கசியும் இடங்கள் உண்டு என்பதை என் காலத்திலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். "கொஞ்சம் பார்த்துக்கங்க சார்" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். மறுத்ததற்காக அடுத்த ஆண்டு அந்த மையத்துக்கு என்னைப் போடவில்லை. ஆகவே உங்கள் மகள் பொய் சொல்கிறாள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வெட்கம் எங்களுடையது. அவள் தலையில் கட்ட வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் செய்தார்கள் என்பது யாரையும் காப்பாற்றியதில்லை என்பதையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். 2019 செப்டம்பரில் நடந்த டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில், ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் தரவரிசையின் முன்னிடங்களில் குவிந்திருந்ததே சந்தேகத்தைக் கிளப்பியது. மறைந்துபோகும் மையால் விடை குறித்து, பிறகு விடைத்தாளைத் திருத்திய மோசடி வெளிவந்தது. 99 பேருக்கு அந்த ஆணையத்தின் தேர்வுகளை எழுத வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அவர்களிலும் ஒவ்வொருவரும் தன்னைப் போல் பலர் இருக்கிறார்கள் என்று தைரியமாக இருந்திருப்பார்கள்.

பெற்றோரின் பங்கு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே 2019இல், நீட் தேர்வை வேறொருவர் எழுதித் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் வாங்கியதாக எழுந்த வழக்கில் மாணவரோடு அவருடைய தந்தையும் கைதானார். உங்கள் வீட்டு விஷயம் அந்த அளவுக்கு எங்குமே நெருங்கவில்லை, பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பிள்ளைகளின் குறுக்குவழி பல நேரங்களில் வீட்டில் இருந்தே தொடங்குகிறது என்பதைச் சொல்லத்தான் எழுதினேன். ஆறாம் வகுப்பில் சார்ட் வரைந்து கொடுத்தது யார், எட்டாம் வகுப்பில் தெர்மாகோல் வீட்டைக் கடையில் வாங்கிக் கொடுத்துத் தானே செய்ததாகச் சொல்லச் சொன்னது யார், ரெக்கார்டு நோட்டை அடுத்த வீட்டு அக்காவின் பழைய நோட்டைப் பார்த்து அப்படியே எழுதச் சொன்னது யார் என்று நாம் எல்லோருமே நினைத்துப் பார்க்க வேண்டும். என் பிள்ளைகளுக்கு நானும் சார்ட் வரைந்து கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் வந்தால் போதும், எப்படி வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பதைப் பத்து ஆண்டுகள் சொல்லிக் கொடுத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்பில் பிட் எடுத்ததும் அடிப்பது அவளுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். உங்கள் வீட்டில் இவை நடந்திருந்தால் அவளிடம் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அவள் வாய் திறக்க இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கடிதத்தை அவளே எழுத வேண்டும். கடையில் டைப் செய்து வாங்காதீர்கள்; நீங்கள் சொல்லச் சொல்லவும் எழுத வேண்டாம். "தெரியாமல் செய்துவிட்டேன்" என்ற வரி அதில் இருக்கக் கூடாது, ஏனென்றால் அவள் தெரிந்துதான் செய்தாள். எந்தப் பாடம், எதைப் பிட்டாக எழுதினாள், ஏன் அந்தப் பகுதியைப் படிக்கவில்லை, பொதுத்தேர்வுக்கு முன் அதை எப்படிப் படிக்கப் போகிறாள் என்று நான்கே விஷயம், ஒரு பக்கத்துக்குள். மற்ற மாணவிகள் பெயர் அதில் வரவே கூடாது. பள்ளி கேட்டாலும் அது அவளுடைய கடிதம், அவள் செய்ததற்கு மட்டும்தான். கடைசியில் ஒரு வேண்டுகோளையும் சேர்க்கலாம்: அதே வினாத்தாளை, மதிப்பெண் வேண்டாம், ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து மறுபடி எழுத அனுமதி கேட்கலாம். பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும். ஆனால் தன்னால் எவ்வளவு முடியும் என்பது அவளுக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடும். ஆசிரியர் பார்வையில் அவள் மறுபடி படிக்கிற பிள்ளையாகிவிடுவாள்.

நான் வேதியியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் படிப்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பதினைந்து பாடங்களில் பிள்ளைகள் பிட் எழுதுவது பெரும்பாலும் இரண்டாம் தொகுதியின் கரிம வேதியியலைத்தான். ஆல்டால் குறுக்கம், கன்னிசாரோ வினை என்று பெயர் வினைகள் ஒன்றோடு ஒன்று குழம்பிவிடும். முதல் குரூப் பிள்ளைகளுக்குப் பொறியியல் கட் ஆஃப் 200இல் வேதியியலின் பங்கு 50 என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். நான் என் மாணவர்களிடம் பிட் எழுதச் சொல்வேன், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்வேன். ஒரு பாடத்தைக் கையகலக் காகிதத்தில் சுருக்க வேண்டுமானால், எது முக்கியம், எது எதிலிருந்து வருகிறது என்று புரிந்தாக வேண்டும்; எழுதி முடிக்கும்போது பாதி மனதில் ஏறியிருக்கும். நாளைக்கு மூன்று வினைகள், எந்தச் சேர்மம் உள்ளே போகிறது, எது வெளியே வருகிறது, இடையில் என்ன சேர்க்கிறோம் என்று பார்க்காமல் எழுதட்டும். புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் வினாக்களை விடாமல் போடட்டும். எழுத்துத் தேர்வின் 70இல் 15 ஒரு மதிப்பெண் வினாக்களுக்குத்தான். யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

திங்கட்கிழமை நீங்கள் இருவரும் சேர்ந்தே போங்கள், கணவர் லீவு போட வேண்டியிருந்தாலும் சரி. மகள் சீருடையில், புத்தகப் பையோடு வரட்டும். கடிதத்தை அவள் கையால் தலைமையாசிரியரிடம் கொடுக்கட்டும். பேச்சு முடிந்ததும் அவளை வீட்டுக்குத் திரும்ப அழைத்துவராமல், எந்தப் பாடவேளை நடந்துகொண்டிருந்தாலும் வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள். அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து டிபன் பாக்ஸைக் கையோடு கொண்டுபோங்கள். மதியம் அவள் அதை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று மட்டும் அன்று மாலை கேளுங்கள்.